கரும்புத் தீவில் காலரா: சர்க்கரையும் உப்பும் மருந்தான கதை

மொரீசியஸின் வடமுனைக் கரையில் நின்றால் கடலுக்குள் சில தீவுகள் தெரியும். அவற்றில் தட்டையாகக் கிடப்பது பிளாட் தீவு. அதை ஒட்டியே இருக்கிறது கேப்ரியல் தீவு. இன்று சுற்றுலாப் படகுகள் வெள்ளை மணலுக்காக அங்கே போகின்றன. 1856 ஜனவரியில் போனவர்கள் வேறு. கல்கத்தாவிலிருந்து ஹைதரி, ஃபத்தே முபாரக் என்ற இரு கப்பல்களில் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்கள். கப்பலில் காலரா கண்டதால் தலைநகர் போர்ட் லூயிக்குள் விடாமல் கேப்ரியலில் இறக்கிவிட்டார்கள். ஒதுங்கக் கூரை போதவில்லை, குடிக்க நல்ல தண்ணீரும் போதவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டார்கள். செய்தி இந்தியாவை எட்டியதும் மொரீசியஸுக்கு ஆள் அனுப்புவதே சில காலம் நிறுத்தப்பட்டது.

காலரா ஆளைக் கொல்வது உடம்பின் தண்ணீரையும் உப்பையும் வடித்து. அந்த நோயாளிகளைத் தண்ணீர் இல்லாத தீவில் விட்டார்கள். அவர்கள் வந்ததோ கரும்பு வெட்ட. உயிரைக் காத்திருக்கக் கூடிய மருந்து சர்க்கரை, உப்பு, சுத்தமான தண்ணீர், அவ்வளவுதான். அந்த மூன்றையும் அளவோடு சேர்க்க மருத்துவ உலகம் இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஏன் அவ்வளவு காலம் என்பதுதான் காலரா ஆராய்ச்சியின் வரலாறு.

முதலில் குடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஒரு நாளில் நம் குடலுக்குள் ஏறத்தாழ 9 லிட்டர் நீர் வருகிறது. குடிப்பதும் உண்பதுமாக 2 லிட்டர். மீதி எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று உடம்பே சுரப்பது. இதில் 100 முதல் 200 மி.லி. தவிர மற்றதெல்லாம் குடல் சுவர் வழியே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். காலராக் கிருமி குடல் சுவரைக் கிழிப்பதில்லை, ரத்தத்துக்குள் புகுவதும் இல்லை. சிறுகுடலின் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு குடல் செல்லுக்குள் நுழைந்து ஒரு சுவிட்சைப் போட்டு, அணைக்க முடியாமல் செய்துவிடுகிறது. குளோரைடு வெளியேறும் வாசல் திறந்தபடியே நிற்கும். குளோரைடு போனால் சோடியம் பின்தொடரும். இரண்டும் போனால் தண்ணீர் தானாகப் போகும். கடும் நோயில் பெரியவர் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கலாம். மலத்தில் மலமே இருக்காது, அரிசி கழுவிய கழுநீர் போல வெளுப்பாகப் போகும். 50 கிலோ எடையுள்ளவர் 5 லிட்டர் இழந்தால் நாடி பிடிபடாது. காலையில் நடமாடியவர் பொழுது சாய்வதற்குள் போய்விடுவது இப்படித்தான். நம் ஊர்களில் இதை வாந்திபேதி என்றார்கள். பெயரிலேயே வழி இருந்தது: என்ன வெளியே போகிறது என்று பார்.

1817இல் வங்காளத்தின் ஜெசோரில் கிளம்பிய காலரா, கப்பல் ஏறி 1819 இறுதியில் மொரீசியஸை அடைந்தது. டோபாஸ் என்ற போர்க்கப்பல் இலங்கை வழியாக வந்து சேர்ந்த சில வாரங்களில் போர்ட் லூயியில் சாவு தொடங்கியது. அடுத்த ஆண்டு பக்கத்துத் தீவான ரீயூனியன். அன்று மருத்துவர்களிடம் இரண்டு விளக்கங்கள் இருந்தன. நாற்றமெடுத்த கெட்ட காற்றால் வருகிறது என்றது ஒரு கட்சி. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது என்றது இன்னொன்று. கெட்ட காற்றுக் கட்சி வென்றால் கப்பலைத் தடுக்க வேண்டாம், சாக்கடையை மூடினால் போதும். தொற்றுக் கட்சி வென்றால் கப்பலை வாரக்கணக்கில் நிறுத்த வேண்டும், வணிகம் படுத்துவிடும். மருத்துவ வாதத்துக்குள் பணக் கணக்கும் சேர்ந்தே ஓடியது. இரண்டு கட்சியும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஒருவர் இருந்தார், ஆனால் பார்த்த இடம் ரத்தம். 1831இல் காலரா இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இறங்கியபோது, வில்லியம் ஓஷானெஸி என்ற 22 வயது ஐரிஷ் மருத்துவர் அங்கே போய் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் பெருமளவு குறைந்திருந்தன. குறைந்த உப்புகள் மலத்தில் இருந்தன. போனதைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று எழுதினார். 1832 மே மாதம் ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் தாமஸ் லாட்டா அதைச் செய்தே பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் கைச்சிரையில் உப்பு நீரை ஏற்றினார். அரை மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்று லிட்டர் போனது. குழி விழுந்த கண் தெளிந்தது, நாடி திரும்பியது, பாட்டி பேசினார். லாட்டா அவரை வேறொரு மருத்துவர் பொறுப்பில் விட்டுப் போனார். பேதி மறுபடி தொடங்கியது, மறுபடி யாரும் உப்பு நீர் ஏற்றவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவர் இறந்தார்.

இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் 'ட்ரிப் போடுவது' என்கிறோமே, அதன் தொடக்கம் இதுதான். அது அன்றே வேரூன்றாததற்குக் காரணங்கள் தெளிவானவை. ஒன்று, ஏற்றிய பிறகும் பேதி நிற்காது. போகப்போகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது புரியவில்லை. இரண்டு, லாட்டாவின் கரைசலில் உப்பு குறைவு. ரத்தத்தில் இருக்க வேண்டிய சோடியத்தில் பாதி அளவுகூட இல்லை. மூன்று, கொதிக்க வைத்துக் கிருமி நீக்கும் வழக்கமே அன்று இல்லை. பிழைத்தவரும் சீழ் பிடித்துச் சாகலாம். நான்கு, கைவிட்ட நோயாளிகளுக்கு மட்டுமே செய்தார்கள், ஆகவே பெரும்பாலோர் இறந்தார்கள், ஆகவே 'பயனில்லை' என்று தீர்ப்பு எழுதினார்கள். லாட்டா அடுத்த ஆண்டே மறைந்தார். ஓஷானெஸி இந்தியாவுக்குப் போய்த் தந்திக் கம்பி போடும் வேலையில் பெயர் எடுத்தார்! கேப்ரியல் தீவுக்கு 24 ஆண்டு முன்பே தெரிந்திருந்த உண்மை, பழைய இதழ்களின் பக்கங்களில் தூங்கியது.

அடுத்த துண்டு லண்டனில் கிடைத்தது. காலராவும் வரைபடமும் என்றால் எல்லோரும் சொல்லும் பெயர் மருத்துவர் ஜான் ஸ்னோ. 1854 ஆகஸ்ட் கடைசியில் பிராட் தெருவைச் சுற்றிச் சாவு கொட்டியது. சில வாரங்களில் 616 பேர் போனார்கள். ஸ்னோ வீடு வீடாகக் கேட்டு, சாவுகள் ஒரு கைபம்பைச் சுற்றிக் குவிவதைக் காட்டினார். செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று பாடப்புத்தகங்கள் எழுதுவது கொஞ்சம் மிகை. அதற்குள் நோய் தணிந்துகொண்டிருந்தது, பாதிப் பேர் பயந்து தெருவை விட்டே ஓடியிருந்தார்கள். விதிவிலக்குகள்தான் அங்கே வலுவான சான்று. பம்புக்குப் பக்கத்து மதுவடிப்பு ஆலையின் ஆட்கள் பீர் குடித்தார்கள், தண்ணீரைத் தொடவில்லை. அவர்களில் யாரும் காலராவில் சாகவில்லை. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை, அந்தக் கிணற்று நீரின் ருசி பிடித்துப்போய் வரவழைத்துக் குடித்து இறந்தார். வரைபடத்தில் புள்ளி எங்கே விழுகிறது என்பதைவிட, விழ வேண்டிய இடத்தில் ஏன் விழவில்லை, விழக் கூடாத இடத்தில் ஏன் விழுந்தது என்று கேட்பதுதான் தொற்றுநோயியல்.

ஸ்னோவின் உண்மையான சாதனை இன்னொன்று. தென் லண்டனில் இரண்டு தனியார் கம்பெனிகள் ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளுக்குத் தண்ணீர் விட்டன. லாம்பெத் கம்பெனி 1852இல் தேம்ஸ் நதியில் ஊருக்கு மேலே, கழிவு கலக்காத இடத்துக்கு மாறியிருந்தது. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி ஊருக்குள்ளேயே எடுத்தது. எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்று வீட்டுக்காரருக்கே தெரியாத இடத்தில் ஸ்னோ தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டார். உப்பு மிகுந்த நீர் வெள்ளையாகத் திரியும். கடலின் ஏற்றம் வரும் கீழ்ப்பகுதி நீரில் உப்பு ஏறத்தாழ 40 மடங்கு அதிகம், ஆகவே பார்த்ததும் தெரிந்துவிடும். கணக்கு இப்படி வந்தது: பத்தாயிரம் வீட்டுக்குச் சவுத்வார்க் நீரில் 315 சாவு, லாம்பெத் நீரில் 37. ஒரே காற்று, ஒரே தெரு, ஒரே வருமானம், தண்ணீர் மட்டும் வேறு. இன்று மருந்தைச் சோதிக்க இரு குழுக்களைப் பிரித்து ஒப்பிடுகிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி அந்த நூற்றாண்டில் இல்லை.

இதை வைத்துக் கேப்ரியல் தீவைத் திரும்பப் பார்த்தால், தனிமைப்படுத்தல் ஏன் சறுக்கியது என்று தெரியும். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு நோய்க் குறியே இருக்காது, இருந்தாலும் லேசான பேதியாகப் போகும். ஆனால் கிருமி சில நாட்கள் மலத்தில் வெளியேறும். நோய் தலைகாட்டச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை ஆகும். நாற்பது நாள் கடலில் வந்த கப்பலில் நோய் ஓயாததற்குக் காரணம், பொது நீர்ப்பீப்பாயில் கை, குவளை, மறுபடி கை என்ற சுற்று. அதே ஆட்களை அதே பீப்பாயோடு கரையில் இறக்கினால் சுற்று கரையிலும் தொடரும். நாளை எண்ணுவதோடு நில்லாமல் தண்ணீரையும் மலத்தையும் பிரித்திருந்தால்தான் அது தடுப்பு. மொரீசியஸில் பிளாட் தீவிலும், ரீயூனியனில் 1859 காலராவை அடுத்துக் கிராண்ட் ஷலூப் பள்ளத்தாக்கிலும் நிரந்தரத் தனிமை நிலையங்கள் எழுந்தன. தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து வந்த நம் முன்னோர் பலரின் முதல் வாசல் இப்படிப்பட்ட இடங்கள்தான்.

கிருமியைக் கண்டது யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1854இலேயே ஃபிளாரன்ஸ் நகரில் ஃபிலிப்போ பச்சினி நுண்நோக்கியில் பார்த்து 'விப்ரியோ' என்று பெயரிட்டார், யாரும் கவனிக்கவில்லை. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1883இல் எகிப்துக்கும் பிறகு கல்கத்தாவுக்கும் போய், 1884 தொடக்கத்தில் கால்புள்ளி போல வளைந்த கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார். அந்தக் கிருமியால் எந்த விலங்கையும் நோய்ப்படுத்த அந்தப் பயணத்தில் அவரால் முடியவில்லை; எனவே கிருமியை விலங்குக்குக் கொடுத்து நோயை உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்ற விதி இங்கே அவருக்கே பொருந்தவில்லை. இதைப் பிடித்துக்கொண்ட மியூனிக் பேராசிரியர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், கிருமி மட்டும் காலராவைத் தராது என்று நிரூபிக்க, 1892 அக்டோபர் 7ஆம் தேதி காலராக் கிருமி வளர்ப்பைக் குடித்தே காட்டினார். லேசான பேதியோடு தப்பினார். அவரைப் பார்த்துக் குடித்த சீடர் எம்மரிச் கடுமையாக அவதிப்பட்டார். இரைப்பை அமிலம் இந்தக் கிருமியை எளிதில் கொல்லும். பிற்காலச் சோதனைகளில், அமிலம் இயல்பாக உள்ளவருக்கு நோய் வர 10 கோடிக்கும் மேல் கிருமி தேவைப்பட்டது. சமையல் சோடாவால் அமிலத்தைத் தணித்தால் 10 ஆயிரம் முதல் 10 லட்சம் போதும். சத்துக் குறைந்தவர்களையும், அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களையும் காலரா முதலில் பிடிப்பது இதனால்தான். அதே 1892இல் ஹாம்பர்க் நகரம் எல்பே நதி நீரை வடிகட்டாமல் குடித்து 8,600க்கும் மேற்பட்டோரை இழந்தது. அதே நதியை மணல் வழியே வடிகட்டிய பக்கத்து ஊர் அல்டோனா ஏறத்தாழத் தப்பியது. அதற்குமேல் கெட்ட காற்றைப் பற்றி வாதிட ஆள் குறைந்தது.

கிருமி தெரிந்தும் சாவு குறையவில்லை என்பது பலர் கவனிக்காத உண்மை. கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாட்டாவின் வழியைக் கெட்டியான உப்பு நீரால் புதுப்பித்து, சாவைப் பாதியாக்கினார். ஆனால் கிருமி எப்படிக் கொல்கிறது என்பது தெரியவில்லை. குடல் தோல் உரிந்து கொட்டுகிறது என்றே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். உரிந்த குடலுக்கு வாய் வழி மருந்து கொடுத்து என்ன பயன்? அந்தத் தவறான படம் வாய் வழிச் சிகிச்சைக்குக் கதவடைத்து வைத்திருந்தது.

கதவைத் திறந்தவர் கல்கத்தாவின் மருத்துவ ஆய்வாளர் சம்பு நாத் டே. உயிருள்ள முயலின் குடலில் ஒரு துண்டை இரு புறமும் நூலால் கட்டி, உள்ளே காலரா வளர்ப்பு நீரை ஏற்றினார். மறுநாள் அந்தத் துண்டு திரவம் நிரம்பிப் பலூன் போல உப்பியிருந்தது. 1959இல், கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறும் நீரும் அதையே செய்கிறது என்று காட்டினார். ஆகவே குற்றவாளி ஒரு நச்சு, குடல் சுவர் பழுதில்லை. எளிய கருவி, எளிய நூல்முடிச்சு, காக்குக்கே கிடைக்காத விடை. அவர் வாழ்ந்த காலத்தில் நாட்டில் அவருக்குப் பெரிய மரியாதை எதுவும் நடக்கவில்லை. அந்த நச்சைக் கருவியாக வைத்துத்தான் பிற்பாடு செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதங்களை ஆராய்ந்தார்கள்; அந்தப் புரதங்களுக்கு 1994இல் நோபல் பரிசு போனது.

டேயின் சோதனைக்கு அடுத்த ஆண்டு, 1960இல், உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் குடல் சுவரில் ஒரு இரட்டைக் கதவு இருப்பதாகச் சொன்னார். அதன் வழியே குளுக்கோஸ் உள்ளே போக வேண்டுமானால் சோடியத்தையும் கூடவே அழைத்துப் போக வேண்டும்; சோடியம் போனால் தண்ணீரும் போகும். காலரா நச்சு இந்தக் கதவைத் தொடுவதில்லை. ஒரு பக்கம் வாசல் திறந்து வெள்ளம் வெளியே போனாலும், இந்தப் பக்கக் கதவால் உள்ளே இறைக்கலாம். வெறும் உப்பு நீர் குடித்தால் பயனில்லை, வெறும் தண்ணீர் அதைவிடப் பயனில்லை. சர்க்கரை இருந்தால்தான் கதவு திறக்கும்.

தெரிந்தது போதாது, அளவும் வேண்டும். 1962இல் மணிலாவில் அளவுக்கு மீறி அடர்த்தியான கரைசலைக் கொடுத்துச் சோதித்ததில் ஐந்து நோயாளிகள் இறந்தார்கள். அடர்த்தி மிகுந்தால் குடல் உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை உறிஞ்சும். 1968இல் டாக்காவில் அமெரிக்க மருத்துவர்கள் டேவிட் நாலினும் ரிச்சர்ட் காஷும் செய்தது கணக்குப்பிள்ளை வேலை. நடுவில் ஓட்டை போட்ட கட்டில், கீழே அளவுக்கோடு போட்ட வாளி. சில மணி நேரத்துக்கு எவ்வளவு போனதோ அதே அளவு கரைசல் வாய் வழியே. நரம்பில் ஏற்ற வேண்டிய நீர் 80 சதவீதம் குறைந்தது. 1832இல் லாட்டாவின் பாட்டிக்குக் கிடைக்காத அந்தத் 'தொடர்ந்து கொடு' என்ற விதி, வாளியும் நோட்டுப் புத்தகமுமாக வந்து சேர்ந்தது.

1971இல் வங்கதேசப் போரின்போது இந்திய எல்லையிலிருந்த பங்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம், குளுக்கோஸ் 22 கிராம் என்று லிட்டருக்கு அளந்து பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, பீப்பாயில் கரைத்து, நோயாளியின் தாயிடமும் தம்பியிடமும் குவளையைக் கொடுத்தார். முகாமில் முன்பு நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு 3.6 ஆக இறங்கியது. டாக்டர் இல்லாமல், ஊசி இல்லாமல், வீட்டார் கையால். 1978இல் லான்செட் மருத்துவ இதழ் இதை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக் கூடும் என்று எழுதியது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைக்கும் இன்றைய கரைசல் 2002இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றிய அளவு: லிட்டருக்குச் சாதா உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சோடியமும் குளுக்கோஸும் எடையில் வேறானாலும் எண்ணிக்கை அளவில் சமமாக 75 மில்லிமோல் வருவது கவனிக்கத் தக்கது. இரட்டைக் கதவுக்கு ஏற்ற பொருத்தம். தவறு நடப்பது கரைக்கும்போதுதான். பொட்டலத்தில் சில 200 மி.லி.க்கு, சில ஒரு லிட்டருக்கு. உறையைப் படிக்காமல் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு குவளையில் கரைத்தால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரலாம். காலி ஒன்றரை லிட்டர் பாட்டிலை 'ஒரு லிட்டர்தானே' என்று நிரப்பினால் நீர்த்துப்போகும். கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள், கரைத்த பின் கொதிக்க வைக்காதீர்கள், 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. சமையலறைச் சர்க்கரையில் பாதிதான் குளுக்கோஸ், அதனால் அளவு கூடுகிறது. நாக்கில் வைத்துப் பாருங்கள்: கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். கோலா, டப்பா ஜூஸ் வேண்டாம். சர்க்கரை மிகுந்து பேதியைக் கூட்டும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு, அது மட்டும் போதாது. ஒவ்வொரு பேதிக்கும் பிறகு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., பத்து வயது வரை 100 முதல் 200, பெரியவருக்குக் குடிக்க முடிந்த வரை. வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பால் நிற்கக் கூடாது.

கண் குழி விழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகப் படிந்து, ஆள் மயங்கினாலோ குடிக்க முடியாமல் போனாலோ வீட்டு வைத்தியம் முடிந்தது, ஆஸ்பத்திரிதான். அங்கே ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை நரம்பு வழியே எடையில் கிலோவுக்கு 100 மி.லி. ஏற்றுவார்கள், பெரியவருக்கு அதில் முதல் 30 மி.லி. அரை மணி நேரத்தில், மீதி இரண்டரை மணி நேரத்தில். டாக்சிசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லி மருந்து கிருமி வெளியேறும் நாட்களைக் குறைக்கும், குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை பேதியின் காலத்தைக் குறைக்கும். இவை துணை மட்டுமே.

காலரா ஓயவில்லை. 1961இல் இந்தோனேசியாவில் தொடங்கிய எல் டார் என்ற காலராக் கிருமி வகை இன்னும் சுற்றுகிறது. 1992இல் ஓ139 என்ற புது வகை முதலில் அடையாளம் காணப்பட்டது சென்னையில். கிருமி கரையோர நீரில் நுண்ணிய கடல் உயிர்களின் மேல் ஒட்டி வாழ்கிறது. வங்கதேசத்தின் மத்லபில் பழைய சேலையை நான்காக மடித்து வடிகட்டியதால் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கிருமி தனியாக இருந்தால் துணியில் நழுவிவிடும், அந்த உயிர்களோடு சேர்ந்தே தங்கிவிடும். புயலுக்குப் பின் மாடித் தொட்டித் தண்ணீரைக் குடிக்க நேர்ந்தால் துணியில் வடிகட்டிய பிறகு கொதிக்க வைக்கவும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றில்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு நம் பாட்டிகளுக்குப் புதிதில்லை. குளுக்கோஸுக்குப் பதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவை வேகவைத்து அதே உப்புகளைச் சேர்த்தால், காலரா நோயாளிக்குப் பேதியின் அளவே குறைகிறது. மாவுச்சத்து குடலில் மெதுவாக உடைந்து குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்; கரைசலின் அடர்த்தி ஏறாது, இரட்டைக் கதவுக்கு வேலை தொடர்ந்து கிடைக்கும். நொய்க்கஞ்சியில் உப்பு. வெப்பத்தில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்ச வேண்டும்.